ஓடைத் தண்ணீரின் நிறம்

வெயிலில் எடுத்த படத்தைப் படமென்றே ஒத்துக்கொள்ள மாட்டான் பேச்சிராஜ். சங்கரன்கோவிலில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான கொழுப்புதான். அந்த ஊரில் வெயிலை விட்டால் வேறென்ன இருக்கிறது? தங்கை இசக்கிச்செல்விக்குக் கல்யாணமாகி, மறுவீட்டு விருந்தும் முடிந்த மறுநாள் மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தங்கையையும் மாப்பிள்ளை பாண்டிராஜையும் கூட்டிக்கொண்டு ராயகிரிக்கு மேற்கே மலையடிவார ஓடைக்குப் போய்விட்டான்.

"மழை பிடிச்சிரும் போலிருக்கே மச்சான்," என்றான் பாண்டிராஜ்.

"அது மலை மேல பெய்யுது மாப்ள. இங்கன வெறும் தூத்தல்தான். இந்த லைட்டு தவம் கிடந்தாலும் கிடைக்காது."

மேலே பெய்வது கீழேதான் வந்தாக வேண்டும். கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அது உறைக்கவில்லை. அவனுக்கு மழை என்றால் தலையில் விழுவது. தலை நனையாவிட்டால் மழை இல்லை, அவ்வளவுதான்.

ஓடை நடுவே இருந்த பாறையில் இருவரையும் நிறுத்தினான். தூறலுக்காகக் கேமராவுக்கு ஜவுளிக்கடைப் பையை மாட்டிக் கரையில் ஸ்டாண்டில் ஏற்றினான். தண்ணீர் பஞ்சு மாதிரி விழ வேண்டுமென்றால் ஒரு படத்துக்கே சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை ஆட்கள் ஆடக் கூடாது.

முதலில் எடுத்தவை நன்றாக வந்தன. அப்புறம் எடுத்ததில் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. சவத்துக் கேமரா, கலர் மாறிப்போச்சு என்று நினைத்துக்கொண்டான். மண்டபத்து விளக்கில் மாப்பிள்ளையின் வேட்டி மஞ்சளடித்தால் படம் முழுக்க நீலத்தை ஏற்றி வெள்ளையாக்குவது அவனுக்குத் தினப்படி வேலை. கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. தலையை நிமிர்த்தி ஓடையை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பாவி, பார்க்கவில்லை.

"அண்ணே, தண்ணி செவந்து வருது," என்றாள் இசக்கிச்செல்வி.

"அது கேமரா கலரு. சரி பண்ணிட்டேன். நீ அசையாம நில்லுட்டி."

கேமராவைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துச் சொன்னவளுக்கு அவன் சொன்ன பதில் இது. அண்ணன் சொல்கிறானே என்று அவளும் நின்றாள். அந்தப் படம் முடிந்ததும் மரமும் கல்லுமாக உருட்டிக்கொண்டு வெள்ளம் வந்துவிட்டது. பாண்டிராஜ் அவளைக் கரைப்பக்கம் பிடித்துத் தள்ளினான். பேச்சிராஜின் கைக்குத் தங்கையின் முந்தானை கிடைத்தது. மாப்பிள்ளை கிடைக்கவில்லை. மறுநாள் வெகுதூரம் தள்ளி உடலைத்தான் எடுத்தார்கள்.

கருமாதியன்று கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை வீட்டில் சொந்தக்காரர்கள் இசக்கிச்செல்வியின் காதுபடவே பேசினார்கள். இவள் கால் வைத்த நேரம் என்றார்கள். போட்டோ ஆசையில் இவள்தான் இழுத்துக்கொண்டு போயிருப்பாள் என்றார்கள். அவள் வாயே திறக்கவில்லை. பேச்சிராஜும் அதுவரை திறக்கவில்லை, வெட்கம் கெட்டவன்.

பாண்டிராஜின் அம்மா கோமதித்தாய் அந்தக் கடைசிப் படத்தைக் கேட்டாள். அவன் போனில் எடுத்துக் காட்டினான்.

"தண்ணி தெளிவாத்தானய்யா இருக்கு. நீ என்ன செய்வ," என்று அவனைத் தேற்றினாள். பிறகு மகனின் முகத்தை விரலால் தடவினாள். "எம்புள்ள மூஞ்சி மட்டும் ஏன் இப்படி நீலம் பாரிச்சிருக்கு?"

மூலையில் இருந்த தங்கை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். மழை மப்பு வெளிச்சத்தால் என்று சொல்லிவிடலாம். கோமதித்தாய் நம்பிவிடுவாள்.

"தண்ணி செவந்துதான் வந்துச்சு அத்தை," என்றான் பேச்சிராஜ். "இவ சொன்னா. நான்தான் கலரை மாத்தித் தண்ணிய வெள்ளையாக்கிட்டு, அசையாம நில்லுன்னேன். அதுலதான் மூஞ்சி நீலமாயிருச்சு."

கோமதித்தாய் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏட்டி, இங்கன வந்து எம்பக்கத்துல இரி," என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

பேச்சிராஜை யாரும் இருக்கச் சொல்லவில்லை.