விட்டுக்கொடுத்த பெயர்

இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. குழந்தை பிறந்து இருபத்தொரு நாளுக்குள் பெயரை எழுதிப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இருபத்தொன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அன்று புதன்கிழமை, நண்பகல்.

அத்தை காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தார். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொன்ன பேரே இருக்கட்டும்மா" என்றார்.

எதற்குமே நான் உடனே பதில் சொல்கிறவள் இல்லை. ஆனால் இந்த முறை அதற்குக் காரணம் கூச்சம் இல்லை.

பதினெட்டு நாளாக இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நான் வைக்க நினைத்தது மூன்றெழுத்துப் பெயர். ஐந்தாம் மாதத்தில் ஒரு மதியம், வேலை செய்யும் இடத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. படிப்பு அப்பா பார்த்தது. மாப்பிள்ளை அம்மா பார்த்தது. யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்தது இந்தப் பெயர் ஒன்றுதான். அத்தை வைக்கச் சொன்னது ஆறெழுத்து, அவருடைய அக்காவின் பெயர். அக்கா நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார், தினமும் போன் செய்கிறார். குழந்தை பிறந்த அன்றே அவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"மூணெழுத்துல கூப்பிட்டா கோழியை விரட்டற மாதிரி இருக்கும்" என்பார் அத்தை.

"ஆறெழுத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ளை தெருவைத் தாண்டிடும்" என்பார் போனில் என் அம்மா. இரண்டையும் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கணவரின் வேலை. அவர் கொண்டுபோனதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலும் அப்படித்தான்.

"பெரியம்மாகிட்ட சொல்லிட்டீங்களே அத்தை" என்றேன்.

"அதை நான் பாத்துக்கறேன். அவ கோச்சுக்கிட்டா ரெண்டு நாள். உன் மனசு கஷ்டப்படக் கூடாதில்ல."

என் மனசைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அத்தை ஒரு துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் விட்டுக்கொடுத்துட்டேன். நீயும் ஒண்ணு விட்டுக்கொடு. லீவு முடிஞ்சதும் வேலைக்கு ஓடாதே. ஒரு வருஷம் வீட்ல இரு. புள்ளைக்கு அம்மா வேணும்."

"ஒரு வருஷம் இடத்தை வச்சிருக்க மாட்டாங்க அத்தை."

"வேற வேலை கிடைக்காமலா போகும், படிச்ச பொண்ணுக்கு. உடனே சொல்ல வேண்டாம். நாளைக்குச் சாயந்தரம் சொல்லு போதும். நீ சரின்னு சொன்னதும் அவன் வெள்ளிக்கிழமை போய்ப் பேரைக் கொடுத்துட்டு வந்துடுவான்."

துணிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதுவும் புதிது.

நான் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நகரத்தின் பதினான்கு இடங்களிலிருந்து பாட்டில்கள் வரும். ஒரு இடத்துத் தண்ணீர் பதினெட்டு நாள் கலங்கலாகவே வந்துவிட்டுப் பத்தொன்பதாம் நாள் தெளிவாக வந்தால், நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். பாட்டில் மாறிவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

விடுப்பு முடிந்து போனால் புதுக் கருவி ஒன்றை என் பொறுப்பில் விடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் கேட்டு வாங்கியது இல்லை. நான்கு ஆண்டுகளில் அவர் என் மேசையருகே நின்று பேசியது அன்று மட்டும்தான். ஒரு வருடம் கழித்துப் போனால் கருவியும் இருக்காது, மேசையும் இருக்காது. பெயரா, வேலையா என்று அத்தை கேட்டிருந்தார். வாயால் அப்படிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உங்க மாமியாரா? இறங்கி வந்தாங்களா?" என்றார் அம்மா. "படிக்கட்டுல பாதியில நின்னு பேசறவங்களாச்சே. எதுக்கும் எழுதி வாங்கிக்கோ."

"என்னம்மா எழுதி வாங்கறது?"

"பேரைத்தான். நீ பாட்டுக்கு வேலையை விட்டுட்டு உக்காந்திருப்பே, அவங்க ஆறெழுத்தை எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவாங்க. அப்புறம் புள்ளைக்குப் பத்து வயசாகும்போது உனக்குத் தெரியும்."

அதுவரை எனக்கு இருந்தது வெறும் சந்தேகம். அம்மா அதற்கு உருவம் கொடுத்துவிட்டார்.

மாலை கணவர் வந்தார். கைகால் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"படிவம் எங்க?" என்றேன்.

"எந்தப் படிவம்?"

"பேர் எழுதிக் கொடுக்கற படிவம்."

"அதுவா. ஆபீஸ்ல இருக்கு."

"எந்த ஆபீஸ்ல?"

"என் ஆபீஸ்லதான்."

அவருடைய ஆபீஸை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு படம். மேசைக்கு இழுப்பறை கிடையாது.

"நாளைக்கே போய்க் கொடுத்துடலாமே. நானும் வரேன்."

"தையல் இன்னும் ஆறல. நீ எதுக்கு அலையணும்? வெள்ளிக்கிழமை நான் போறேன்."

"கடைசி நாள்."

"அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கிற மனிதர் இவர். மின்கட்டணத் தாள் வந்த அன்றே கட்டிவிடுவார். எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைதான் முதலில் வந்தார், மண்டபத்தின் பூட்டே திறக்கவில்லை என்று என் அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவர் கடைசி நாள் மாலை ஐந்து மணியை நம்பி மேட்ச் பார்க்கிறார்.

படிவம் ஆபீஸில் இல்லை. ஏற்கனவே எழுதிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது. ஆறெழுத்தாக. அப்படித்தான் நினைத்தேன்.

இதைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை மூன்று மணிக்கு, மகள் அத்தையின் மடியில் தூங்கியபோது, மாமாவுக்கு நான் டீ கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். தினமும் கொண்டுபோவது அத்தை. எழ முயன்றார். மடியில் குழந்தை.

"இறங்குவியா? வயித்துல தையலோட எதுக்கு?"

"மெதுவாப் போறேன் அத்தை."

"அவர் வந்து குடிச்சுக்குவார்."

"ஆறிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படிக்கட்டில் பதினாறு படிகள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக.

வீட்டுக்குக் கீழேதான் மாமாவின் கடை. பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் பெயர்ப் பலகை வெட்டித் தருவார். முப்பத்தைந்து வருடத் தொழில். நான் போனபோது பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'நாய் ஜாக்கிரதை' பலகை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் வீட்டு நாய் மாமா?"

"நாயெல்லாம் கிடையாது. பலகை மட்டும்தான். சோறு போட வேண்டாம் பாரு." டீயை வாங்கிக்கொண்டார். பிறகுதான் யார் கொண்டுவந்தது என்று உறைத்தது போல என்னைப் பார்த்தார். "நீ ஏம்மா இறங்கினே?"

சொல்லிக்கொண்டே இடது கையால் ஒரு துணியை இழுத்து, மேசையில் காய வைத்திருந்த தட்டின் மேல் போட்டார். அவசரத்தில் துணி பாதிதான் மூடியது. மூடாத பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு. அதில் மூன்று எழுத்துகள்.

என் பெயர். அதாவது, நான் வைத்த பெயர்.

ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் கறுப்பு மை காய்ந்து, மேலே பூச்சும் பூசி முடித்திருந்தது. அத்தை சொன்னது உண்மைதான், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று தோன்றியது.

அதன் பிறகு சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன். 'தாளில் காட்டிய பெயர் மட்டுமே வெட்டப்படும்.' அதன் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு மாப்பிள்ளை தன் பெயரையும் பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமா அழகாக வெட்டினார். கல்யாணம் நின்றுபோனது. அந்தப் பலகையை வாங்கவும் ஆள் இல்லை, அழிக்கவும் வழி இல்லை. இப்போது அதன் பின்பக்கத்தில் பசை குழைக்கிறார். அன்றிலிருந்து யார் வாயால் சொன்ன பெயரையும் அவர் வெட்டுவதில்லை. முத்திரையோ கையெழுத்தோ உள்ள தாள் வேண்டும். சொந்த மகனின் ஓட்டுநர் பள்ளிக்கே உரிமத்தைப் பார்த்த பிறகுதான் பலகை வெட்டினாராம்.

பக்கத்தில் ஆர்டர் நோட்டு திறந்திருந்தது. தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். ஆய்வகத்தில் எதிர் மேசைக்காரரின் குறிப்பை அப்படித்தான் படிப்பேன். கடைசிக்கு முந்தைய வரி. பெயர்: மூன்றெழுத்து. கொடுத்தவர்: மகன். தேதி: செவ்வாய்க்கிழமை. தாள் என்ற கட்டத்தில் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்.

அத்தை விட்டுக்கொடுத்தது புதன்கிழமை.

"மாமா, செவ்வாய்க்கிழமை டீ யார் கொண்டு வந்தது?"

"உங்க அத்தைதான், வேற யாரு." குவளையைக் கீழே வைத்தார். "நான் எதுவும் சொல்லலம்மா."

"நான் எதுவும் கேக்கவே இல்லையே மாமா."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். நாய் இல்லாத வீட்டுப் பலகையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

"என்ன தாள் பாத்தீங்க?"

"அவனைக் கேளு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கே கேளு. சாயந்தரம் அவளுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி கேட்டுடு" என்றார்.

பதினாறு படிகளையும் ஏற எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். அத்தை அவருக்கும் எனக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். மகள் என் தோளில் இருந்தாள். அத்தை அவள் காலைத் தொட்டு முத்தமிட்டார்.

"என்னம்மா, யோசிச்சியா?"

"யோசிச்சேன் அத்தை."

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. நான் எப்படி மனசார விட்டுக்கொடுத்தேனோ அப்படித்தான் நீயும். என்னடா, நான் சொல்றது?"

"ஆமாம்மா" என்றார் கணவர். டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா நேத்து முழுக்க அழுதா. தெரியுமா? இந்த வயசுல அவளை அழ வச்சுட்டு உன் பேருக்குச் சரின்னேன். நீ ஒரு வருஷம் வீட்ல இருக்கறது அவ்வளவு பெரிய விஷயமா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நாளைக்குக் காலையிலேயே இவன் போய்க் கொடுத்துடுவான்."

கணவர் டீயை ஊதுவதை நிறுத்தினார்.

சரி என்று சொல்வது சுலபம். இந்த வீட்டில் நான் அதிகம் சொன்ன வார்த்தையே அதுதான். சொல்லிவிட்டால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மேலதிகாரி என் மேசையருகே நின்ற அந்த நாளை நினைத்துக்கொண்டேன்.

"எதைக் கொண்டுபோய்க் கொடுப்பீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"என்ன கேள்வி இது? படிவத்தைத்தான்" என்றார் அத்தை.

"நான் அவரைக் கேட்டேன் அத்தை."

என் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. மகள் தோளில் ஒருமுறை நெளிந்து மறுபடி அடங்கினாள்.

"கீழ தகடு காயுது. மாமா தாளைப் பாக்காம வெட்ட மாட்டார். செவ்வாய்க்கிழமை அவர்கிட்ட எந்தத் தாளைக் காட்டினீங்க?"

"அந்த மனுஷனுக்கு ஒரு வேலையை ஒழுங்கா..." என்று தொடங்கிய அத்தை, பாதியில் நிறுத்திக்கொண்டு மகனைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் அப்படிக் கெஞ்சலாகப் பார்த்ததில்லை.

கணவர் டம்ளரைத் தரையில் வைத்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

"மூணாம் நாள் உனக்குக் காய்ச்சல்" என்றார். "கண்ணே திறக்கல. நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்து, பேர் இருந்தா இப்பவே எழுதிடுங்க, ஒரே வேலையா முடிஞ்சுடும்னாங்க."

"டேய்" என்றார் அத்தை, மெதுவாக.

"எழுதிட்டேன். நீ சொன்ன பேர்தான். அன்னைக்கே பதிஞ்சு ரசீதும் கொடுத்துட்டாங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, தானா ஓஞ்சு போயிடும்னு விட்டுட்டேன். அப்பா நாள் நெருங்குதேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், அவருக்கு மட்டும் ரசீதைக் காட்டினேன்."

"அத்தைக்கு?" என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்."