காலை அகட்டிய கார்

காலையில் விஜய்பாண்டிக்கு இடுப்பு நிமிரவில்லை. முந்தின நாள் முழுக்கக் குத்தவைத்து, உத்தமபாளையத்தில் பழசாக வாங்கிய அகலமான அலாய் வீல்களைத் தன் சின்னக் காருக்கு மாட்டியிருந்தான். தினமும் கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் கார் அது.

"ஏலே, வண்டி என்ன காலை அகட்டிக்கிட்டு நிக்கிது?" என்று சிரித்தபடி ஏறினாள் பஞ்சம்மாள். தூக்குவாளிகளோடு மாரீஸ்வரியும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பின்டயர் மட்கார்டில் உரசியது. காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது உரசவில்லை. ஆள் பாரத்தில் வண்டி அமுங்கிவிட்டது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

"ஆத்தா, பின்னால இருக்கவுக இறங்கி நடங்க. வளைவு தாண்டி ஏத்திக்கிறேன்."

"நாங்க நடக்கவாடா நீ வீலு மாட்டுன?"

"டயர் வெடிச்சா மேல வரைக்கும் நடக்கணும் ஆத்தா."

திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் இதே கூத்து. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கங்காணியிடம் போன மாரீஸ்வரி முகத்தைத் தொங்கப்போட்டுத் திரும்பினாள்.

"பேரு எழுதி முடிச்சுட்டாக. இன்னைக்கு அரைநாள் கூலிதானாம்."

பஞ்சம்மாள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "மிச்ச அரைநாளுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான் ஆத்தா. தந்துர்றேன்."

"நாலு பேருக்கும்?"

"நாலு பேருக்குந்தான்."

மறுநாள் பழைய வீல்களையே மாட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்தான். அகல வீல்களை விற்றுக் கூலியைக் கொடுக்க நினைத்தான்; வாங்க யாரும் வரவில்லை. நாலு பேருக்கும் அரைநாள் கூலி இன்னும் பாக்கி.