ஐந்தாவது படகு

செலஸ்டினம்மாவின் சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. கடைசி மகன் ஜெரார்ட் கடற்படைப் படகில், நடுக்கடலில் இருந்தான். பக்கத்து வீட்டு இருளப்பன் பீடோங் டவுன் மீன் பாசாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ்கட்டி கொண்டுவந்து, மரத்தூளை உதறி, பெட்டிக்கு அடியில் அடுக்கினார். உருகின தண்ணீரை மகள் அகத்தா பால் வாளியில் பிடித்து வெளியே ஊற்றினாள்.

"அவன் வரமாட்டான். இன்னைக்கே அடக்கம் பண்ணிடலாம்" என்றான் மூத்தவன் ஆர்தர்.

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவள் செலஸ்டினம்மா. படித்த மகனுக்கு அவ்வளவு அவசரமா என்று இருளப்பன் முகத்துக்கு நேரே கேட்டார்.

அவசரம் இல்லை. ஆர்தருக்குத் தெரியும், அவ்வளவுதான். கடற்படையில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போடுகிறவன் அவன். தென்சீனக் கடலில் ஐந்து கப்பல்கள் காவல் நின்றன. எண்ணெய், அரிசி, தண்ணீர் கொண்டுபோக ஒரே ஒரு சரக்குக் கப்பல். லீவில் வருகிறவனும் அதில்தான் ஏறி வரவேண்டும். முன்பெல்லாம் கேப்டன்கள் ரேடியோவில் பேசி முறையை மாற்றிக்கொள்வார்கள். எவன் வீட்டிலாவது சாவென்றால் சரக்குக் கப்பல் முதலில் அவன் படகுக்குப் போகும். அதில் எண்ணெய் வீணாகிறது என்று காட்டியவனே ஆர்தர்தான். எந்தக் கப்பல் காத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போட்டுக் கொடுத்தான். மொத்த நஷ்டம் ஆகக் குறைவாக வரும் வழியைக் கம்ப்யூட்டர் சொன்னது. போர்க்கப்பலுக்குப் பெரிய மார்க். ஜெரார்டின் சின்னப் படகுக்கு ஆகச் சின்னது. அதன் முறை எப்போதும் கடைசி. மேலதிகாரி ஆர்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நேற்று ஆர்தர் தோட்ட ஆபீஸிலிருந்து அந்த மேலதிகாரிக்குப் போன் போட்டு, முறையை மாற்றச் சொல்லிக் கெஞ்சினான். ஒன்றை மாற்றினால் மற்ற நாலும் குலைந்துபோகும், நீ எழுதிக் கொடுத்ததுதானே என்றார்.

அடுப்படியில் வைத்து அகத்தாவிடம் கப்பல் முறையையும் மார்க்கையும் பற்றிச் சொன்னான். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த மார்க்கெல்லாம் யார் போட்டது?"

"நான்தான்."

"அந்தப் படகுல இருக்கிறது தம்பின்னு தெரிஞ்சேவா?"

"ஆள் பேரெல்லாம் கணக்குல வராதுலா."

அகத்தா வெளியே போய், ஐஸ் போதும் என்று இருளப்பனிடம் சொன்னாள். சாயங்காலம் பாதர் வந்தார். பெட்டியை மூடினார்கள்.

ஜெரார்ட் வந்து சேர்ந்தபோது குழிமேட்டு மாலைகள் கருகிக் கிடந்தன. முட்டிபோட்டு ரொம்ப நேரம் இருந்தான். அவன் எழுந்ததும், நீயே சொல்லு என்பதுபோல் அகத்தா ஆர்தரைப் பார்த்தாள். ஆனால் ஜெரார்ட் முந்திக்கொண்டான்.

"சாமான் லேட்டா வந்தா படகுல எல்லாரும் கணக்குப் போட்டவனைத் திட்டுவானுங்கண்ணே. எங்கண்ணன் போட்டது, தப்பா இருக்காதுன்னு நான் சண்டைக்கே போவேன். இப்பவும் தப்பு இல்லையேண்ணே?"

ஆர்தர் குழிமேட்டைப் பார்த்தான்.

"தப்பு இல்லடா."

ஜெரார்ட் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அகத்தாவோடு நடந்தான். லீவு முடிந்து கிளம்பும்வரை அண்ணனிடம் வேறு எதுவும் பேசவில்லை.