ஒரு சாண் கூடுதல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் இடது முழங்காலில் பிறந்தது. 1952இல் சைகோன் சந்தையருகே குண்டு வெடித்தபோது அங்கே சும்மா நின்ற குற்றத்துக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தினமும் கட்டு மாற்றிய பெண்ணுக்கு நன்றி சொல்லாமலே கப்பலேறிவிட்டேன். அதற்குப் பரிகாரம்தான் இது.

2

போர் மேகங்கள் சூழ்ந்த சைகோன் நகரில்

(வேண்டாம். மேகமெல்லாம் எதற்கு?)

அமீர் நிஷாவுக்குப் பத்தொன்பது வயது. காரைக்கால்காரி. காலையில் 'பென் தான்' என்ற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் வாப்பாவின் கடையில் துணி அளந்து கிழிப்பாள். மதியத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுவாள். காயத்துக்குக் கட்டும் துணியைக் கிழித்துச் சுருட்டுவதும் பழகுகிறவர்கள் வேலைதான். ஒரு கட்டு ஐந்து மீட்டர். மாதாமாதம் பயிற்சிப் புத்தகத்தில் தலைமை நர்ஸ் அந்துவானேத் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று தவறினாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது.

(அவளை அழகி என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கு ஞாபகம் இருப்பது கைகள் மட்டும்.)

3

நிஷாவுக்கு அது கடைசிக் கையெழுத்து. அந்த மாதம் பார்த்து, நானூறு கட்டு வர வேண்டிய துணியில் பதினெட்டு குறைந்தது. வேறு காலமாக இருந்தால் திட்டோடு போயிருக்கும். அப்போதோ ஆஸ்பத்திரித் துணி காணாமல் போனால், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துக் காட்டில் சண்டை போடுகிறவர்களுக்குத்தான் போகிறது என்று போலீஸ் நினைக்கும்.

அந்துவானேத் புதுச்சேரிக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். என் கட்டிலருகே வைத்தே கேட்டார்.

"கிழிச்சது நீ. துணி எங்க போச்சு?"

"நா எடுக்கல மதாம்."

"அப்ப யாருக்குக் குடுத்த?"

முதல் வரைவில் இந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்து அவளுக்காக வாதாடினேன். பொய். என்னையும் விசாரிப்பார்களோ என்று பயந்து, தூங்குவதுபோலக் கிடந்தேன்.

நிஷா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே தவறியது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். குனிந்து என் காலிலிருந்த கட்டை அவிழ்த்து மீட்டர் கோலில் அளந்தாள். ஐந்து மீட்டர் முடிந்த பிறகும் ஒரு சாண் தொங்கியது.

"கடையில அளந்து முடிச்சு, ஒரு சாண் விட்டுத்தான் கிழிப்போம் மதாம். அளந்த மட்டும் குடுத்தா பரக்கத்து இருக்காது, யாவாரம் பெருகாதுன்னு வாப்பா சொல்லுவாஹ. கை அதே பழக்கத்துல இங்கயும் போயிருச்சு."

அந்துவானேத் சிரிக்கவில்லை. "அது சரி. பதினெட்டுப் பேருக்கு நா எதால கட்டுறது?"

4

அலமாரியிலிருந்த கட்டுகளையெல்லாம் பிரித்து, மிகுந்த சாணை வெட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து, கொதிநீரில் போட்டு எடுத்தாள் நிஷா. சாயங்காலத்துக்குள் பதினொரு கட்டு தேறியது. மீதி ஏழுக்கான துணி வார்டு முழுக்க எங்கள் உடம்பில் முடிச்சுகளாக இருந்தது.

"அதையும் வெட்டி எடுத்தா கணக்கு சரியாயிரும்," என்றார் அந்துவானேத்.

"குறையுறது குறைஞ்சதாவே இருக்கட்டும் மதாம். கட்டுனத அவுத்து வெட்ட மாட்டேன்."

அந்துவானேத் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து என்னைக் கப்பலுக்குத் தூக்கிப் போக ஆள் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாரா, பேனாவை மூடி வைத்தாரா, எனக்குத் தெரியாது. நல்ல முடிவு ஒன்று எழுதினேன், நானே நம்பவில்லை. மோசமான முடிவு ஒன்று தொடங்கினேன், கை வரவில்லை. புத்தகம் திறந்தே கிடக்கிறது. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

5

அளவுப்படி கதை முடிந்துவிட்டது. இது அந்த ஒரு சாண்.

நிஷா, அன்று நான் தூங்கவில்லை. நீ கட்டை அவிழ்த்தபோது என் கால் விறைத்தது. உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அளந்து முடித்து மறுபடி கட்டினாய். கத்தரிக்கோல் உன் கையிலேயே இருந்தது. அந்தச் சாணை வெட்டாமல் முடிச்சுப் போட்டாய்.