அபகுகி கேட்ட ஒரு நாள்

படகோட்டி அபகுகி, தனக்கு ஆறு வருடச் சிறை என்று தீர்ப்பான வாரமே மேல்முறையீடு செய்துவிட்டான்.

அவன் படகில் வந்த பள்ளி ஆசிரியர் ஜொசாயா கடலில் மூழ்கி இறந்திருந்தார். பாறைத் திட்டுக்கு வெளியே இயந்திரம் நின்றுபோய், அலை படகைப் புரட்டிவிட்டது. அபகுகியின் கவனக்குறைவு என்றது நீதிமன்றம். படகு முதலாளி இயந்திரத்துக்குக் கொடுத்த எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது என்றான் அவன். அந்த எண்ணெயை ஊற்றிக் கொடுத்த இலைசாதான் அவனுடைய ஒரே சாட்சி. இலைசா வரவேண்டிய கப்பல், கடல் சீற்றத்தால் பக்கத்துத் தீவிலேயே நின்றுவிட்டது. “ஒரே ஒரு நாள் பொறுங்கய்யா, நாளைக்கு வந்துடுவான்” என்று அபகுகி எழுந்து நின்று கேட்டான். நீதிபதி பொறுக்கவில்லை.

மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள, விசாரணையில் பேசியதெல்லாம் எழுத்தில் வேண்டும். பேச்சு ஒலிநாடாவில் கிடந்தது. தட்டச்சு செய்ய ஆளில்லை.

அவன் மனைவி தாரைவினி நண்டு விற்க நகரத்துக்கு வரும்போதெல்லாம் நீதிமன்ற அலுவலகத்தில் போய் நிற்பாள். அங்கே எழுத்தராக இருந்த மோசேயின் தீவுக்கும் அவள் தீவுக்கும் பரம்பரையாகக் கேலி பேசிக்கொள்ளும் முறை.

“வந்துட்டாய்யா நண்டுக்காரி! உங்க ஊர் கேஸும் நண்டு மாதிரியே பக்கவாட்டுலதான் நடக்குது.”

“உங்க ஊர் ஆளுங்க ஒத்தை விரல்ல தட்டினா வேற எப்படி நடக்கும்?”

இருவரும் சிரிப்பார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, “தட்டச்சுக்கு ஆள் இன்னும் வரல, தாரா” என்பான்.

நான்காம் வருடம் அடித்த புயலில் வீட்டுக் கூரை போயிற்று. தார்ப்பாயின் கீழே இரண்டு பெண் பிள்ளைகளோடு படுத்தாள். அந்தச் சமயத்தில்தான் சிறை அதிகாரி ஒரு வழி சொன்னார். நன்னடத்தைக்காரர்கள் மீதிக் காலத்தை வீட்டிலேயே கழிக்கலாம். ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

“வாபஸ் வாங்கிடு” என்றாள் தாரைவினி, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து.

“வாங்கினா நான்தான் அவரைக் கொன்னேன்னு ஊரே சொல்லும்.”

“சொல்லட்டும். சின்னவளுக்கு மழை வந்தாலே இருமல். எனக்கு இனிமே முடியல, அபகுகி.”

அவன் அதிகாரியிடம் வாபஸ் தாளைக் கேட்டு வாங்கினான். அதில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்து கூரை போட்டான். மரவள்ளி நட்டான். தண்டனை பெற்றவனுக்குப் படகோட்டும் உரிமம் தரமாட்டார்கள் என்பதால் கடலுக்குப் போகவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே மோசே அவளைச் சந்தையில் தேடி வந்தான். கேலி எதுவும் பேசவில்லை.

“தட்டச்சு முடிஞ்சுது. அவன் ஒரு நாள் கேட்டது, நீதிபதி முடியாதுன்னது, எல்லாம் இருக்கு.”

இலவச சட்ட உதவி வக்கீல் படித்துவிட்டு, “இது ஒண்ணே போதுமா இருந்திருக்கும். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்திருக்கும்” என்றார். மேல்முறையீட்டை மீண்டும் எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். தானாக விரும்பி விலகியவருக்கு மறுபடி இடமில்லை என்று மேல்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இதற்குள் ஜொசாயாவின் குடும்பம், வாபஸ் வாங்கியதால் அபகுகி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்து மன்னிப்புச் சடங்குக்காகக் காத்திருந்தது. தண்டனைக் காலம் முடிந்ததும் அவன், மன்னிப்புக்கும் துக்கத்துக்கும் அவர்கள் வழக்கத்தில் கொடுக்கும் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு மனைவியுடன் போனான். ஜொசாயாவின் அண்ணன் நேமானி பாயில் உட்கார்ந்திருந்தார்.

“இத்தனை வருஷம் கழிச்சாவது ஒத்துக்கிட்டியே.”

“வாத்தியாருக்காக அழ வந்திருக்கேன், அண்ணே. ஒத்துக்க வரல.”

“அப்புறம் ஏன் வாபஸ் வாங்கினே?”

தாரைவினி வாசலருகே இருந்து சொன்னாள்: “நான்தான் வாங்க வெச்சேன். பிள்ளைங்க நனைஞ்சுது.”

நேமானி அவளைப் பார்த்தார். பல்லைக் கையில் வாங்கினார். “அழுகைக்குன்னா வாங்கிக்கறேன். மத்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க விடலியே யாரும்.”

திரும்பும்போது வேறொருவன் படகை ஓட்டினான். அபகுகி முன்பக்கம் பயணியாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் ஒரு மழையைத் தாங்கியிருக்கலாமே என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தாள் தாரைவினி. இயந்திரச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்காது என்று விட்டுவிட்டாள். கரை வரும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.