நாத்தனாரின் மிதி

தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்ததால் தெருவில் அவளுக்குத் தராசுக்காரி என்றே பெயர். அவளுடைய நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மேட்டின்மேல் இருந்த அந்த இடத்துக்குப் போய்வர நாத்தனார் ஆசையாசையாய் ஒரு மின்சார சைக்கிள் வாங்கினாள். வாங்கிய கையோடு விழுந்தும் வைத்தாள்.

குற்றம் அவளுடையதல்ல. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அந்த வண்டிக்குத் தெரியும்; எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது தெரியாது. கால் லேசாக அசைந்தாலே மோட்டார் முழுவேகத்தில் பாயும். அப்படித்தான் சலவைக்கூட வாசலில் திரும்பும்போது பாய்ந்து, அவளை அழுக்குத்துணி மூட்டைகளின்மேல் தள்ளியது. முழங்கை சிராய்ந்ததைவிட, கூட வேலை செய்பவர்கள் சிரித்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள்.

கொஞ்சம் பொறு என்றாள் தராசுக்காரி. அழுத்தத்தை அளப்பதுதானே அவள் பிழைப்பே! எலெக்ட்ரானிக் தராசின் வயிற்றுக்குள் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். கட்டை மயிரிழை வளைந்தாலும் அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தகட்டைப் பெடல் தண்டிலேயே ஒட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். தண்டு சுற்றச் சுற்ற ஒயரும் சேர்ந்து சுற்றிக்கொள்ளுமே என்று கணவன் சிரித்தான். அதில் நியாயம் இருந்தது. அவனிடம் ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

யோசித்துக்கொண்டே இருந்தாள். அழுத்தி மிதித்தால் மேல்பக்கத்துச் செயின் விறைக்கும். அதற்கு அடியில் ஒரு சின்னச் சக்கரத்தை முட்டுக்கொடுத்தால், விறைக்கிற செயின் அதைக் கீழே அமுக்கும். பழைய சமையலறைத் தராசின் கட்டையைக் கழற்றி அந்தச் சக்கரத்துக்குத் தாங்கலாக வைத்தாள். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு மோட்டார் ஓடும்படி ஒரு சர்க்யூட்டும் கட்டினாள். பள்ளத்தில் செயின் குதித்தபோதெல்லாம் மோட்டாரும் துள்ளியது. சர்க்யூட்டைச் சற்று நிதானப்படுத்தியதும் அடங்கியது. மறுபடி ஓட்டிப் பார்த்தாள்; வண்டி சீராக வழுக்கிக்கொண்டு போனது.

மறுநாள் மாலை நாத்தனார் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மோட்டார் செத்துப்போச்சு அண்ணி. மேடு முழுக்கத் தள்ளிக்கிட்டுதான் போனேன்."

தராசுக்காரி ஏறி ஒரு சுற்று வந்தாள், மோட்டார் ஓடியது. கணவன் ஏறினான்; அப்போதும் ஓடியது. நாத்தனார் ஏறினால் மட்டும் உம்மென்று இருந்தது. தன்னைக் கண்டால் வண்டிக்குக்கூட இளக்காரம் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தராசுக்காரி மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைச் சுவரில் முட்டி நிறுத்தினாள். கட்டையின் ஒயரை ஒரு தராசின் திரையோடு இணைத்து, பிரேக்கைப் பிடித்தபடி முழுப் பலத்தோடு மிதிக்கச் சொன்னாள். எண் சோம்பலாய் ஏறி, பாதியில் நின்றுவிட்டது. நனைந்த போர்வைகளை அநாயாசமாய்த் தூக்கிப் போடுகிறவளுக்குப் பலம் இல்லாமல் இல்லை.

"பயமா இருக்கா?"

நாத்தனார் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுத்தினா மறுபடியும் பாஞ்சிடுமோன்னு கால் தானா நின்னுடுது அண்ணி."

கணவன் ஏதோ கேலி பேச வாயெடுத்தான். மனைவி பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினான்.

தன் காலுக்கு அளவு வைத்துவிட்டு அடுத்தவளை ஓட்டச் சொன்னது தராசுக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. சர்க்யூட்டில் இருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாத்தனாரின் பூப்போன்ற மிதிக்கே மோட்டார் மெல்ல எழும்பும்படி வைத்தாள். அன்றிலிருந்து வண்டி அவள் சொன்னபடி கேட்டது.

இதை மறந்து ஒரு நாள் தராசுக்காரியின் கணவன் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். ஓங்கி ஒரு மிதி மிதித்தான். எதிர்வீட்டு வேலிக்குள் போய் நின்றான். வேலியிலிருந்து அவனைப் பிரித்தெடுப்பதற்குள் நாத்தனார் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தான் விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவள் கடைக்கு வந்தாள். "வண்டி ரொம்ப இழுக்குது அண்ணி. கொஞ்சம் கொறச்சு வைங்க."

தராசுக்காரி மறுபடி வண்டியைச் சுவரோரம் நிறுத்தி மிதிக்கச் சொன்னாள். இந்த முறை எண் பாதியில் நிற்காமல் விறுவிறுவென்று ஏறியது. திருகைத் திருப்பி, போதுமா என்று கேட்டாள்.

நாத்தனார் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் கொறைங்க," என்றாள்.