மணல் அள்ளிய கணக்கு

'சுக்னா கட்டுமான நிறுவனம்' என்ற பெயருக்கு உரியவள் சுக்னா. உழைப்பு, கடன், வசவு மூன்றும் கணவன் ஹுக்மாராமுடையவை. பிகானேர்ப் பக்கத்து வீடுகளில் இதுதான் வழக்கம். அவர் நீட்டும் இடத்தில் அவள் கையெழுத்திடுவாள்.

வாய்க்கால் வேலையின் நடுவே புயல் மூன்று முறை மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அள்ளியது ஹுக்மாராம். அந்தச் செலவுக்காகத்தான் சுக்னாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

வேலை முடிந்ததும், அதைக் கொடுத்த பாசன இலாகாவின் குமாஸ்தா பன்வர்லால் வீட்டுக்கே வந்து, இரண்டு கச்சோரியைத் தின்று முடித்துவிட்டு, ஒரு தாளை எடுத்தார். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' இது இல்லாமல் கடைசி பில் மேசையை விட்டு எழுந்திருக்காதாம்.

"தேதியை மட்டும் விட்டுடுங்க அண்ணி. அதை நாங்க போட்டுக்கறோம்."

சுக்னாவின் அப்பா தபால்காரர். தேதியில்லாத கையெழுத்து அவளுக்கு வராது. கையெழுத்துக்குக் கீழே எறும்பளவில் மார்ச் 12 என்று போட்டுவிட்டாள். குமாஸ்தா போனபின் அதைச் சொன்னபோது, பில்லே நின்றுவிடும் என்று ஹுக்மாராம் இரண்டு நாள் புலம்பினார்.

பில் நிற்கவில்லை. அந்த அலுவலகத்தில் கையெழுத்துக்குக் கீழே எவரும் பார்ப்பதில்லை. ஏப்ரல் 24-இல் காசோலை வந்தது, மணல் அள்ளிய பத்தொன்பது லட்சம் இல்லாமல்.

அந்தப் பணத்தைக் கேட்டு வழக்கு நடுவரிடம் போனது. கணக்கு தீர்ந்துவிட்டது, இனி வழக்கே இல்லை என்று இலாகா வக்கீல் அந்தத் தாளைக் கொடி மாதிரி ஆட்டினார். மேலே ஏப்ரல் 24 என்று அழகாகத் தட்டச்சாகியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதியான நடுவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"மார்ச் 12-ஆ? காசோலையே வரலையேம்மா. முழுசா வாங்கிட்டதா எப்படி எழுதினே?"

சுக்னா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்கிட்டேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் வாங்கவே முடியும்னாங்க அய்யா."

வக்கீல் தாளைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். நடுவர் பத்தொன்பது லட்சத்தையும் வட்டியோடு கொடுக்கச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் பன்வர்லால் மீண்டும் வந்தார். மீண்டும் கச்சோரி. பணம் தயார், சம்பிரதாயத்துக்கு ஒரே ஒரு தாள்: 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்...'

சுக்னா பேனாவைத் திறந்தாள். ஹுக்மாராம் குனிந்து, குமாஸ்தாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்:

"சுக்னா, தேதியைப் பெரிசாவே போடு. மணியையும் சேர்த்து."